தட்டைப் பார்த்து எழுதியது எவ்வளவு? தமிழ் இசைத்தட்டு ஆவணத்தளம் ஒன்றின் ஆறு ஆண்டுகள்: ஒரு நிகழ்வு ஆய்வு

நிமிஷத்துக்கு 78 முறை சுழலும் பழைய தமிழ் இசைத்தட்டுகளுக்காகச் சேகரிப்பாளர்கள் சிலர் ஒன்றுசேர்ந்து ஓர் ஆவணத்தளத்தைத் தொடங்கினோம். 2016 முதல் 2022 வரை அது எப்படி உருவானது, எங்கே தடுமாறியது, எப்படித் திருத்தினோம் என்பதை இங்கே பதிவுசெய்கிறேன். தளத்தின் பெயரையும் ஆட்களின் பெயரையும் சொல்லவில்லை. நான் அந்தக் குழுவில் ஒருவன். கல்லூரி நூலகத்தில் அட்டவணைப் பிரிவில் பல வருஷம் வேலை பார்த்தவன். உள்ளூர் இசை, நாடகம், கோயில் பாட்டு என்று ஆவணப்படுத்தக் கிளம்புகிறவர்களுக்கு எங்கள் தவறுகள் பயன்படும் என்பதால் அவற்றைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

## பின்னணி

கிராமபோன் கம்பெனியின் ஒலிப்பதிவாளர் ஃப்ரெட் கைஸ்பெர்க் 1902 நவம்பரில் கல்கத்தாவில் பாடகி கௌஹர் ஜானின் குரலைப் பதிவுசெய்தார். சில ஆண்டுகளுக்குள் மதராசிலும் பதிவு நடந்தது. சேலம் கோதாவரி, கோயம்புத்தூர் தாயி, பெங்களூர் நாகரத்தினம்மாள் போன்றவர்களின் குரல் இன்று நமக்குக் கேட்கக் கிடைப்பது அதனால்தான். அப்போது இங்கே தட்டு அச்சடிக்க வசதி கிடையாது. மெழுகில் பதிந்தது கப்பலேறி ஜெர்மனியின் ஹனோவர் நகருக்குப் போய், தட்டாகித் திரும்பி வரும். 1908 இல் கல்கத்தாவின் சியால்தாவில் ஆலை வந்தது. 1928 இல் அது டம்டம்முக்கு மாறியது. 1930களில் எச்.எம்.வி., கொலம்பியா, ட்வின், ஓடியன், பிராட்காஸ்ட் என்று பல பெயர்களில் தமிழ்த் தட்டுகள் வந்து குவிந்தன. மதராசில் ஓடியன் தட்டுகளை வெளியிட்டது ஏ.வி. மெய்யப்பனின் சரஸ்வதி ஸ்டோர்ஸ். கீர்த்தனை, நாடகப் பாட்டு, நாலைந்து தட்டுகளாக வரும் நாடக செட்டு, தேசியப் பாட்டு, அப்புறம் சினிமாப் பாட்டு, எல்லாமே விற்றது. இலங்கைக்கும் மலாயாவுக்கும் போனது. 1960களின் பிற்பகுதி வரை இந்த நாட்டில் 78 தட்டு அச்சானது.

இவற்றை ஆவணப்படுத்த எங்களுக்கு முன்பே பெரியவர்கள் உழைத்திருக்கிறார்கள். கிராமபோன் கம்பெனியின் தொடக்க கால இந்தியப் பதிவுகளை ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கின்னியர் எண் எண்ணாகப் பட்டியலிட்டார். மும்பையில் 1990 இல் தொடங்கிய இந்திய இசைத்தட்டுச் சேகரிப்பாளர் சங்கம், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு யங் இந்தியா, ஓடியன் கம்பெனிகளின் தட்டுகளை மின்மயமாக்கியது. சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. ஆனால் காரைக்குடியிலோ யாழ்ப்பாணத்திலோ ஒருவர் தன் தாத்தாவின் பெட்டியில் ஒரு தட்டைக் கண்டெடுத்தால், அதன் எண்ணைத் தமிழில் தேடி, இது என்ன, எப்போது வந்தது, மறுபக்கம் என்ன பாட்டு என்று தெரிந்துகொள்ளும் இடம் எங்கள் கைக்கு எட்டியவரை இல்லை. அந்த இடத்தை உண்டாக்க ஆசைப்பட்டோம்.

தொடங்கியவர்கள் ஐந்து பேர். மதுரையில் மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர். சென்னை மூர் மார்க்கெட் 1985 இல் எரிவதற்கு முன் அங்கே பிளேட்டு பொறுக்கிச் சேர்த்தவர், ஆயிரத்துச் சொச்சம் தட்டு வைத்திருந்தார். காரைக்குடிப் பக்கத்தில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர். சேகரிப்பு சிறியது, ஞாபகம் பெரியது. யாழ்ப்பாணத்திலிருந்து கனடாவுக்குப் போனவர் ஒருவர். அப்பாவின் தட்டுகளைப் போர்க்காலத்தில் இழந்துவிட்டு, அவற்றின் பட்டியலை மட்டும் காப்பாற்றி வைத்திருந்தவர். மென்பொருள் வேலை தெரிந்த ஓர் இளைஞர். ஐந்தாவது நான்.

## முதல் வடிவம்

2016 இறுதியில் விக்கிப்பீடியா இயங்கும் அதே மீடியாவிக்கி மென்பொருளை நிறுவித் தொடங்கினோம். பாடகர் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம். அதில் வாழ்க்கைக் குறிப்பு, படம், பாட்டுப் பட்டியல், ஆண்டு. பார்க்க அழகாக இருந்தது. எட்டு மாதத்தில் நூற்றைம்பது பாடகர்களுக்குப் பக்கம் வந்துவிட்டது. யார் வேண்டுமானாலும் கணக்குத் தொடங்கி எழுதலாம் என்று திறந்தும் விட்டோம்.

தகவல் நாலா பக்கமிருந்தும் வந்தது. கனடா நண்பரின் பட்டியல் பாமினி என்ற பழைய எழுத்துருவில் இருந்தது. அதை யூனிகோடாக மாற்றியபோது கிரந்த எழுத்துகளும் சில கொம்புகளும் சிதைந்தன; அதைக் கையால் திருத்தவே இரண்டு மாதம் ஆனது. தலைமையாசிரியர் ஞாபகத்திலிருந்து எழுதினார். மதுரைக்காரர் தன் நோட்டுப் புத்தகங்களைப் பார்த்து எழுதினார். வேறு சிலர் பழைய பாட்டுப் புத்தகங்களிலிருந்தும் இணையத்தில் கிடைத்த பாட்டுகளின் தலைப்புகளிலிருந்தும் எடுத்துப் போட்டார்கள். எது எங்கிருந்து வந்தது என்று குறிக்க அந்தப் பக்கங்களில் இடமே வைக்கவில்லை. அட்டவணைப் பிரிவில் அத்தனை வருஷம் இருந்த நானே அதைக் கேட்காமல் விட்டேன். பக்கங்கள் வளர்கிற வேகத்தில் எனக்கும் சந்தோஷம்தான்.

## என்ன தவறு என்று தெரிந்தது எப்படி

2017 ஆகஸ்டில் ஒரு பெண்மணி எழுதினார். நாங்கள் பக்கம் போட்டிருந்த ஒரு பாடகியின் பேத்தி. “நீங்கள் போட்டிருக்கும் படம் எங்கள் பாட்டிதான். ஆனால் கீழே உள்ள பாட்டுகளில் பாதி அவர் பாடியதல்ல. அவருக்குத் தெலுங்கே தெரியாது” என்று இருந்தது.

மதுரைக்காரரிடம் அந்தப் பட்டியலில் ஆறு தட்டுகள் இருந்தன. எடுத்துப் பார்த்தார். மூன்றில் பெயருக்கு முன்னால் ஊர்ப்பெயர் அச்சாகியிருந்தது. மூன்றில் பெயர் மட்டும். கம்பெனியும் வேறு. போட்டுக் கேட்டதும் சந்தேகம் தீர்ந்துவிட்டது, இரண்டு குரல். ஒரே பெயருள்ள இரண்டு பாடகிகளை நாங்கள் ஒருவராக்கியிருக்கிறோம். ஒருவருடைய பாட்டி இன்னொருவருடைய பாட்டுகளைச் சுமந்துகொண்டு எட்டு மாதம் நின்றிருக்கிறார்.

அதற்குப் பிறகு மற்ற பக்கங்களை உட்கார்ந்து சரிபார்த்தோம். நேர்மாறான தவறும் இருந்தது: சுப்புலட்சுமி, சுப்புலக்ஷ்மி, ஸுப்புலக்ஷ்மி என்று எழுத்து மாறினால் ஆள் மாறியிருந்தார். லேபிளிலேயே ஒரு பக்கம் தமிழும் ஆங்கிலமும், இன்னொரு பக்கம் வேறு எழுத்துக்கூட்டல் என்று இருக்கும்போது இது நடக்கத்தான் செய்யும். பழைய பாடகிகளுக்கு ஊர்தான் முதற்பெயர். கோயம்புத்தூர் தாயியின் இயற்பெயர் பழனிகுஞ்சரம். பிரெஞ்சு இசையமைப்பாளர் மோரிஸ் தெலாஜ் அவருடைய தட்டைக் கேட்டு மயங்கி, அதைத் தழுவி இசையமைத்திருக்கிறார். அப்படிப்பட்டவரையே லேபிள் பெயரை விட்டால் தேடிக் கண்டுபிடிக்க முடியாது.

சினிமாப் பாட்டில் குழப்பம் இன்னும் கூடுதல். 1930களின் படங்களில் நடிகர்கள் கேமரா முன்னாலேயே பாடினார்கள். தட்டுக்காக அதே பாட்டைத் தனியாகப் பாடிப் பதிந்தார்கள். பத்தங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிஷம் சொச்சம்தான் அடங்கும் என்பதால் சரணம் குறையும், வேகம் கூடும். சில சமயம் படத்தில் பாடியவர் ஒருவர், தட்டில் பாடியவர் வேறொருவர். எங்கள் பக்கங்களில் இவை எல்லாமே “இன்ன படத்தின் பாட்டு” என்ற ஒரே வரியில் இருந்தன.

நடுவில் இன்னொரு சங்கடம். ஓர் ஆராய்ச்சியாளர் அச்சில் வெளியிட்ட பட்டியலை ஒரு பங்களிப்பாளர் அப்படியே தட்டச்சு செய்து ஏற்றியிருந்தார், பெயர் சொல்லாமல். அந்தப் பட்டியலில் இருந்த ஓர் அச்சுப்பிழையும் அப்படியே எங்களிடம் வந்திருந்ததால்தான் கண்டுபிடித்தோம். அன்றைக்கே நீக்கினோம். தட்டின் எண் ஒரு உண்மைத் தகவல், அதற்கு யாரும் சொந்தம் கொண்டாட முடியாது என்று அந்தப் பங்களிப்பாளர் வாதாடினார். சட்டம் எப்படியோ, ஒருவர் இருபது வருஷம் தூசியில் உட்கார்ந்து தொகுத்ததைப் பெயரில்லாமல் எடுப்பது எனக்கு ஒப்பவில்லை.

## 1929 என்ற தேதி

குழுவையே கிட்டத்தட்ட உடைத்த விஷயம் ஒரே ஓர் ஆண்டு.

தலைமையாசிரியர் ஒரு பாட்டுக்கு 1929 என்று போட்டிருந்தார். மதுரைக்காரரிடம் அந்தப் பாட்டின் தட்டு இருந்தது. லேபிளில் பாட்டின் பெயருக்குக் கீழே ஒரு படத்தின் பெயர் அச்சாகியிருந்தது. முதல் தமிழ்ப் பேசும்படமான காளிதாஸ் வெளியானதே 1931 அக்டோபர் 31 ஆம் தேதி. அப்படியானால் 1929 எப்படி? இளைஞர் அந்த ஆண்டை நீக்கிவிட்டு, திருத்தக் குறிப்பில் “தவறான தகவல்” என்று எழுதினார். அன்று இரவு தலைமையாசிரியர் எனக்குப் போன் செய்தார்.

“தம்பி, அது எங்க அப்பா கல்யாணத்துக்கு வாங்கின தட்டு. வருஷா வருஷம் அந்த நாளுல அதைப் போட்டுத்தான் எங்க வீட்ல காப்பியே குடிப்போம். எனக்கு இதுக்கு என்ன ஆதாரம் வேணும்ங்குற?”

நான், “ஐயா, நீங்க சொல்றது பொய்னு யாரும் சொல்லலை. ஆனா மதுரையில இருக்குற தட்டுல படத்தோட பேரு இருக்கு” என்றேன். “அப்ப மதுரைத் தட்டை நம்பு” என்று வைத்துவிட்டார். அதற்குப் பிறகு நெடுநாள் எதுவும் எழுதவில்லை.

இப்போது யோசித்தால், அந்த “தவறான” என்ற சொல்தான் பெரிய பிழை. எங்களுக்கு அப்போது தெரிந்தது ஒன்றுதான்: இந்தத் தட்டு 1929 ஆக இருக்க முடியாது. அவர் சொன்ன தட்டும் இதுவும் ஒன்றுதானா என்று நாங்கள் கேட்கவே இல்லை.

## எடுத்த முடிவுகள்

2017 டிசம்பரில் மதுரையில் இரண்டு நாள் கூடினோம். தலைமையாசிரியர் வரவில்லை. தளத்தைத் தற்காலிகமாகப் படிக்க மட்டும் வைத்துவிட்டு, அடித்தளத்தை மாற்றுவது என்று முடிவு செய்தோம்.

முதல் முடிவு, பக்கம் பாடகருக்கு அல்ல, தட்டுக்கு. இன்னும் துல்லியமாகச் சொன்னால், தட்டின் ஒரு பக்கத்துக்கு. காரணம் மேட்ரிக்ஸ் எண். லேபிளில் அச்சாகும் கேட்டலாக் எண் கம்பெனி விற்பனைக்குக் கொடுப்பது, எச்.எம்.வி.யில் ‘என்’ என்றும் கொலம்பியாவில் ‘ஜி.இ.’ என்றும் ட்வின்னில் ‘எஃப்.டி.’ என்றும் தொடங்கும் எண்கள் அவை. லேபிளுக்கும் கடைசிப் பள்ளத்துக்கும் நடுவே உள்ள மொட்டை இடத்தில் பொறித்திருப்பது மேட்ரிக்ஸ் எண். அது அந்த ஒலிப்பதிவுக்கே உரியது. அதே பதிவு பின்னால் வேறு கேட்டலாக் எண்ணில் மறுபடி வந்தாலும் மேட்ரிக்ஸ் எண் காட்டிக்கொடுத்துவிடும். கேட்டலாக் எண்ணை மட்டும் வைத்து எண்ணினால் ஒரு பதிவை இரண்டாக எண்ணுவோம். பாட்டின் பெயரை மட்டும் வைத்தால் இரண்டு பதிவை ஒன்றாக எண்ணுவோம். இரண்டையும் ஏற்கெனவே செய்திருந்தோம்.

இரண்டாவது, கண்ணால் பார்த்தது தனி, நாம் நினைப்பது தனி. லேபிளில் உள்ள பெயரை, ராகத்தை, தாளத்தைப் பிழையோடு அப்படியே ஒரு கட்டத்தில் எழுத வேண்டும். லேபிள் காம்போதி என்று சொல்லி, நம் காது வேறு ராகம் என்று சொன்னால், அது அடுத்த கட்டத்தில், சொல்கிறவரின் பெயரோடு. லேபிளைத் திருத்தி எழுதுவது கூடாது. ஆண்டுக்கு மூன்று நிலை வைத்தோம்: அச்சில் ஆதாரம் உண்டு, கணிப்பு, தெரியவில்லை. கம்பெனியின் மாதப் பட்டியல் துண்டு, பழைய பத்திரிகை விளம்பரம் போன்றவை முதல் நிலை. கணிப்பு என்றால் எதை வைத்துக் கணித்தோம் என்று ஒரு வரி கட்டாயம். வீட்டு ஞாபகத்துக்கும் ஒரு கட்டம் வைத்தோம், சொன்னவர் பெயரோடு. அது தலைமையாசிரியரை மனதில் வைத்துச் செய்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

மூன்றாவது, பெயரும் நபரும் வேறு. லேபிளில் கண்ட ஒவ்வொரு பெயர் வடிவத்துக்கும் ஒரு பதிவு. நபருக்குத் தனிப் பதிவு. இரண்டையும் இணைக்கக் காரணம் எழுத வேண்டும். நூலகத்தில் ஆசிரியர் பெயர்களுக்கு நாங்கள் காலங்காலமாகச் செய்வதுதான் இது. இளைஞருக்கு இது வேண்டாத சிக்கலாகத் தோன்றியது. பேத்தியின் கடிதத்தை மறுபடி படித்துக் காட்டிய பிறகு ஒப்புக்கொண்டார்.

ஒலியை ஏற்றுவதில்லை என்பது நான்காவது முடிவு. இதில்தான் வாக்குவாதம் நீண்டது. இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவின் உரிமை வெளியான ஆண்டுக்குப் பின் 60 ஆண்டு. அந்தக் கணக்கில் பெரும்பாலான தட்டுகள் உரிமை முடிந்தவை. ஆனால் பாட்டை எழுதியவரின் உரிமை அவர் இறந்து 60 ஆண்டு வரை. பாபநாசம் சிவன் 1973 இல் மறைந்தார். அவருடைய வரிகளுக்கு 2033 முடியும் வரை உரிமை உண்டு. பாரதி பாடல்களைப் போல 1949 இல் அரசு வாங்கிப் பின்னர் பொதுவாக்கியது எல்லாருக்கும் நடக்கவில்லை. பாட்டுக்குப் பாட்டு இதை ஆராய எங்களிடம் ஆள் இல்லை. இன்னொரு காரணம் வேகம். 78 என்று சொன்னாலும் தொடக்க காலத் தட்டுகள் பல வேகங்களில் பதியப்பட்டவை. 74 இல் பதிந்ததை 78 இல் சுழற்றினால் சுருதி ஏறக்குறைய அரைக்கட்டை ஏறிவிடும். பாடகியின் குரலே மாறிவிடும். அப்படி மாறிய குரலை ஆவணம் என்று வைப்பதைவிட வைக்காமல் இருப்பது நல்லது என்று நினைத்தோம். கேட்க முடியாத இசைத்தட்டுத் தளம் எதற்கு என்று கனடா நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. இன்றும் என்னிடம் முழுப் பதில் இல்லை.

## மீள்வேலை

பழைய பக்கங்களை அழிக்கவில்லை. “தட்டு பார்க்கப்படவில்லை” என்ற குறியோடு ஒதுக்கி வைத்தோம். எங்கள் பழைய பட்டியலில் முக்கால் பங்குக்கு அந்தக் குறி விழுந்தது. அந்த நாள் எல்லாருக்கும் கஷ்டமாக இருந்தது.

தட்டைப் படம் எடுக்க ஒரு முறையை மதுரைக்காரர் உருவாக்கினார். தட்டைக் கறுப்புத் துணிமேல் வைத்து, லேபிளை நேராக ஒரு படம். பிறகு அறையை இருட்டாக்கி, டார்ச்சைத் தரையோடு தரையாகச் சாய்த்துப் பிடித்து, மொட்டை இடத்தில் ஒரு படம். நேர் வெளிச்சத்தில் தெரியாத மேட்ரிக்ஸ் எண் சாய்ந்த வெளிச்சத்தில் எழுந்து நிற்கும். உறை பழையதாக இருந்தால் அதற்கும் ஒரு படம், கடைக்காரரின் முத்திரை ஊரைச் சொல்லும் என்பதால். துடைக்க ஸ்பிரிட் கூடாது, தட்டில் உள்ள அரக்கு கரைந்துவிடும் என்பதைப் பெரிய எழுத்தில் போட்டோம். ஒருவர் அப்படித் துடைத்து ஒரு பக்கத்தையே இழந்திருந்தார்.

ஒரு தட்டுக்குப் பத்து நிமிஷம் ஆனது. முன்பு ஒரு மணி நேரத்தில் முப்பது பாட்டு ஏற்றியவர்கள் சலித்துப்போய் விலகினார்கள். ஐம்பதுக்கு மேல் இருந்த பங்களிப்பாளர்கள் பதினைந்துக்கும் கீழே வந்தார்கள். இந்த விலை இருக்கும் என்று தெரிந்தே எடுத்த முடிவுதான், ஆனாலும் இவ்வளவு பேர் போவார்கள் என்று நினைக்கவில்லை.

## பின்விளைவுகள்

பேத்திக்கு முதலில் பதில் சொன்னோம். இரண்டு பாடகிகளும் பிரிக்கப்பட்டார்கள். ஆனால் அவருடைய இரண்டாவது கடிதம் இன்னும் கடினமானது. வாழ்க்கைக் குறிப்பில் பாட்டியின் குலத்தைப் பற்றி யாரோ எழுதியிருந்த ஒரு வரியை நீக்கச் சொன்னார். தொடக்க காலத்தில் துணிந்து தட்டுக்குப் பாடிய பெண்கள் பலர் தேவதாசி மரபில் வந்தவர்கள். அவர்கள் இல்லாமல் நம் இசைத்தட்டு வரலாறே இல்லை. 1947 இல் சென்னை மாகாணச் சட்டம் அந்த வழக்கத்தை முடித்தது. ஆனால் அந்தக் குடும்பங்கள் பட்ட பேச்சு அதோடு முடியவில்லை. வரலாற்றை மறைக்கக் கூடாது என்று ஒரு தரப்பு, உயிரோடு இருக்கிறவர்களைப் புண்படுத்தக் கூடாது என்று ஒரு தரப்பு. முடிவில், அச்சில் ஏற்கெனவே அவரே சொன்னதாகவோ குடும்பம் ஒப்புக்கொண்டதாகவோ இருந்தால் மட்டும் குலம், தாய்வழி பற்றி எழுதுவது, இல்லாவிட்டால் தட்டோடு நிறுத்திக்கொள்வது என்று விதி வைத்தோம். அந்த வரியை நீக்கினோம். ஆறு மாதம் கழித்து அவரே பாட்டியின் நான்கு தட்டுகளைப் படம் எடுத்து அனுப்பினார்; அவற்றில் இரண்டு எங்களில் யாரிடமும் இல்லாதவை.

2019 இல் தளம் பத்தொன்பது நாள் காணாமல் போனது. இணைய முகவரி இளைஞரின் பெயரில், அவருடைய பழைய வங்கி அட்டையில் இருந்தது. அவர் வேலை மாறி வெளிநாடு போன நேரம், அட்டை காலாவதியாகிப் புதுப்பிப்பு நின்றுவிட்டது. நினைவூட்டல்கள் அவர் பார்க்காத மின்னஞ்சலுக்குப் போயிருந்தன. முகவரி திரும்பக் கிடைத்தது. வேறு யாராவது அதை எடுத்திருந்தால் அவ்வளவுதான். அதற்குப் பிறகு முகவரி மூன்று பேரின் பொறுப்பில், மாதாமாதம் முழுத் தரவின் நகல் மூன்று ஊர்களில், ஒரு நகல் இன்டர்நெட் ஆர்க்கைவில் என்று மாற்றினோம். தரவைக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வைத்தோம், நாங்கள் இல்லாவிட்டாலும் யாராவது எடுத்து நடத்தலாம் என்பதற்காக.

2020 இல் மதுரைக்காரர் இறந்துபோனார். ஊரடங்கு; யாரும் போக முடியவில்லை. சில மாதம் கழித்து நான் போனபோது தட்டுகள் வீட்டில் இல்லை. வீட்டைக் காலி செய்ய வேண்டிய நெருக்கடியில் பிள்ளைகள் விற்றுவிட்டார்கள். வாங்கியவர் யார் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. அவர்கள்மேல் எனக்குக் குறையில்லை, அவர்களிடம் முன்கூட்டியே பேசியிருக்க வேண்டியவர்கள் நாங்கள். ஆயிரத்துச் சொச்சத்தில் நானூறு தட்டுகளைத்தான் அவர் டார்ச் பிடித்துப் படம் எடுத்து முடித்திருந்தார். அந்த நானூறின் எண்ணும் லேபிளும் உறையும் தளத்தில் இருக்கின்றன. மீதியில் பெரும்பாலானவை அவருடைய நோட்டுப் புத்தகத்தில் ஒற்றை வரிகளாக இருக்கின்றன: பாட்டு, பாடியவர், விலை. அவற்றுக்கு மேட்ரிக்ஸ் எண் கிடையாது.

## இன்று செய்வதாக இருந்தால்

முதல் நாளிலேயே தட்டின் பக்கத்தை அலகாக வைப்பேன். பாடகர் பக்கங்கள் தாமாகவே அவற்றிலிருந்து திரண்டு வரும்.

வேலையின் வரிசையையும் மாற்றுவேன். கையில் கிடைத்ததை எல்லாம் அகர வரிசைப்படி படம் எடுத்துக்கொண்டிருந்தோம். வயதானவர்களிடம் இருப்பதை முதலில் எடுத்திருக்க வேண்டும். அதிலும் வேறு யாரிடமும் இல்லாததை முதலில். மதுரைக்காரரிடம் இருந்த நாடக செட்டுகள் அகர வரிசையில் கடைசியில் நின்றன. அவற்றில் மூன்றைத்தான் எடுத்தோம். சேகரிப்பாளரோடு பேசும்போது அவர் வீட்டாரோடும் பேசுவது, இவை எங்கே போக வேண்டும் என்று அவரே ஒரு தாளில் எழுதி வைப்பது, இரண்டையும் இப்போது எல்லாரிடமும் கேட்கிறோம்.

திருத்தக் குறிப்பில் “தவறு” என்ற சொல்லை நிறுத்திவிட்டோம். “இந்தத் தட்டில் இப்படி உள்ளது” என்று மட்டும் எழுத வேண்டும்.

ஒலி விஷயத்தில் இன்னொரு வழி இருந்திருக்கலாம். ஏதாவது ஒரு நூலகத்தோடு சேர்ந்து, அங்கே போய்க் கேட்கும்படி செய்திருக்கலாம். அதைத் தேட 2018 இலேயே ஒருவரைப் பொறுப்பாக்கியிருக்க வேண்டும். இப்போதுதான் பேச்சு தொடங்கியிருக்கிறது.

## இப்போதைய நிலை

தலைமையாசிரியர் மதுரைக்காரரின் இரங்கல் செய்தியைப் பார்த்துவிட்டு மறுபடி பேசினார். அப்புறம் மெதுவாக, தன் சொந்தக்காரர் வீடுகளில் தேடத் தொடங்கினார். 2022 தொடக்கத்தில் ஒரு வீட்டுப் பரணில் அவருடைய அப்பாவின் பெட்டி கிடைத்தது. அதில் அந்தத் தட்டு இருந்தது.

அதே பாட்டுதான். லேபிளில் படத்தின் பெயர் இல்லை. பாடியவரும் வேறு; நாடக மேடைப் பாடகர் ஒருவர். மேடையில் புழங்கிய பாட்டைப் படத்திலும் எடுத்தாண்டிருக்கிறார்கள், படம் வந்த பிறகு புதிதாக ஒரு தட்டும் வந்திருக்கிறது. மதுரையில் இருந்தது பின்னது. அவர் வீட்டில் ஒலித்தது முன்னது. பேரனை டார்ச் பிடிக்கச் சொல்லி, மேட்ரிக்ஸ் எண்ணைப் போனில் எனக்கு ஒவ்வோர் இலக்கமாகச் சொன்னார். நான் இரண்டு தடவை திருப்பிச் சொல்லிச் சரிபார்த்தேன்.

தட்டின் உறையில் அவருடைய அப்பா மையால் எழுதியிருந்தார்: தன் பெயர், “சுக்கில வருஷம் தை மாசம்”. சுக்கில வருஷம் தொடங்கியது 1929 சித்திரையில். அதனால்தான் தலைமையாசிரியர் 1929 என்று கணக்கிட்டிருக்கிறார். ஆனால் அந்த வருஷத்துத் தை 1930 ஜனவரி, பிப்ரவரியில் வருகிறது. கல்யாணம் 1930 இல். தட்டு அதற்கு முன் வந்தது.

இதிலும் ஒரு சிக்கலைச் சொல்ல வேண்டியிருந்தது. உறை வேறு, தட்டு வேறு. தொண்ணூறு வருஷத்தில் உறை மாறியிருக்கலாம். கம்பெனிப் பட்டியல் எதிலும் அந்த எண் இன்னும் எங்களுக்குக் கிடைக்கவில்லை. அதனால் “கணிப்பு: 1930 ஜனவரி-பிப்ரவரி அல்லது அதற்கு முன்; ஆதாரம், உறையில் உள்ள கையெழுத்து; உறை இந்தத் தட்டுக்கு உரியதா என்பது உறுதியில்லை” என்று எழுதி அவருக்குப் படித்துக் காட்டினேன். மறுபடி கோபித்துக்கொள்வாரோ என்று தயக்கம்தான்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. “சரி தம்பி, அப்படியே எழுது. ஆனா உறையையும் படம் பிடிச்சுப் போடு. அது எங்க அப்பா கையெழுத்து” என்றார்.

போட்டிருக்கிறோம்.